டப்பாவின் பெயர்

மலையடியில், ஆற்றோரத்து ஆலைக் குடியிருப்பான பள்ளத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. ஞானஸ்நானத்தில் பாதிரியார் வைத்த பெயர் கோயிலோடு சரி. ஆலைக்குள் காலெடுத்து வைத்த முதல் வாரத்திலேயே எவனாவது வேறொரு பெயரை ஒட்டிவிடுவான், பிறகு சாகிறவரைக்கும் அதுதான். எந்நேரமும் மழை வருமென்று சொல்லிக்கொண்டிருந்தவன் 'வானிலை'. ஒரு கையில் ஆறு விரல் இருந்தவன் 'அரை டஜன்'. லெஷெக் வோய்டா வாயைத் திறந்தால் ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும் என்பதால் அவன் 'சைரன்'. உலைக்கூடத்தில் கிரேன் ஓட்டிய எமில் ஹுடாக் 'கொக்கி'. இதில் பெருமை வேறு. "நாங்கல்லாம் ஒரே குடும்பம்" என்று பிட்ஸ்பர்க் முழுக்கச் சொல்லித் திரிந்தார்கள். அது என்ன குடும்பம், ஒருவன் பெயர் இன்னொருவனுக்குத் தெரியாமல் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை.

கேட்டது கோரின்தான். லெஷெக்கின் மருமகள், பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவள். ஆலை மூடி இருபத்தைந்து வருடமாகிறது. உலைகள் நின்ற இடத்தில் இப்போது சினிமாக் கொட்டகையும் செருப்புக் கடையும். பழைய வாசல் தூண்கள் மட்டும் மிச்சம். அந்தத் தூணில் இரண்டாம் உலைக்கூடத்து ஆட்களின் பெயரை உருக்குத் தகட்டில் வெட்டிப் பதிக்க வேண்டுமென்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். ஆலை மூடிய வருடம் எடுத்த புகைப்படம் ஒன்றை ஸ்லோவாக் கிளப்பின் மேசையில் விரித்து, மிச்சமிருந்த கிழவர்களைச் சுற்றி உட்காரவைத்து, முகம் முகமாகப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தாள்.

'வானிலை'யின் நிஜப் பெயரைக் கண்டுபிடிக்க அவருடைய தங்கச்சிக்குப் போன் போட வேண்டியிருந்தது. 'அரை டஜன்' பெயரை அவர் மகன் சொன்னான். கடைசி வரிசையில், ஓரத்தில், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்ற ஒல்லி மனிதன் மேல் கோரினின் விரல் வந்து நின்றது.

"இவர்?"

"டப்பா!" என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில். சொன்னதுமே சிரிப்பு.

"நிஜப் பேரு?"

சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது. ஒருவர் காபியைக் கலக்கினார், சர்க்கரை போடாத காபி.

"மைக்குன்னு என்னமோ," என்றார் ஒருவர்.

"கோ-ன்னு முடியும்டா."

"மேட்டுல பாதிப் பேருக்குக் கோ-ன்னுதான் முடியும். கண்டுபிடிச்சுட்டாரு பெரிய துப்பறிவாளர்!"

"கூட எத்தனை வருஷம் வேலை பாத்தீங்க?" என்றாள் கோரின்.

லெஷெக், "அதனால என்னம்மா? டப்பான்னா ஊருக்கே தெரியும்" என்றார்.

"ஏன் மாமா டப்பா?"

அதற்குத்தான் காத்திருந்ததுபோல லெஷெக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் நடந்த வேலைநிறுத்தம். கோடையில் ஆரம்பித்தது இலையெல்லாம் உதிர்ந்த பிறகுதான் முடிந்தது. வேலைக்குத் திரும்பிய முதல் நாள். "என் ரொட்டியக் காணோம். தேடுறேன், தேடுறேன், செங்கல் அடுக்குக்குப் பின்னாடி இவன் ஒக்காந்து மென்னுக்கிட்டு இருக்கான்! புதுசா வந்தவன். சரி, இவன் டப்பாவுல என்னதான் வச்சிருக்கான்னு தொறந்து பாத்தா..." மேசையை ஓங்கித் தட்டினார். "காலி! வீட்லேர்ந்து வெறும் டப்பாவத் தூக்கிட்டு வந்திருக்கான் பய! நம்ம கொக்கி என்ன பண்ணான் தெரியுமா? அந்தக் காலி டப்பாவ கிரேன் கொக்கில மாட்டி, கூடத்துக்கு நடுவுல உச்சில தூக்கி நிறுத்திட்டான். ஷிப்ட் முடியற வரைக்கும் அங்கயே ஆடிக்கிட்டு இருந்துச்சு. ஆளாளுக்கு அண்ணாந்து பாத்து..."

கிழவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எமிலும் சிரித்தார். ஐம்பது வருடமாக இந்தக் கதைக்கு இந்த இடத்தில் சிரித்துப் பழக்கம்.

கோரின் சிரிக்கவில்லை. "பசிச்சிருக்கும் மாமா," என்றாள்.

"பசி எல்லாருக்குந்தாம்மா இருந்துச்சு."

"அவருக்கு ரொட்டி இல்ல, உங்களுக்கு இருந்துச்சே."

லெஷெக் மூக்கைச் சொறிந்தார். எமில் சிரிப்பை நிறுத்தினார். அந்த டப்பாவை மேலே ஏற்றிய கை இந்தக் கைதான், இப்போது மேசைமேல் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை இப்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை.

டப்பா இரண்டு வருடத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான் என்று முடிவெட்டுகிறவர் பிறகொரு நாள் சொல்லித் தனக்குத் தெரியும் என்றார் லெஷெக். அடக்கத்துக்கு யாரும் போகவில்லை. யாரும் சொல்லவில்லையே, எப்படிப் போவது? ஆனால் பெண்சாதி இருக்கிறாள், மேட்டில், படிக்கட்டுத் தெருவில். ஒருமுறை பனி கொட்டியபோது டப்பாவை வீடுவரை காரில் கொண்டுபோய் விட்டவர் எமில். ஆகவே எமில்தான் போக வேண்டும் என்று ஒருமனதாக முடிவாயிற்று. அடுத்தவன் தலையில் கட்டுவதென்றால் இவர்களுக்கு ஒற்றுமை தானாக வந்துவிடும்.

"பேரு தெரியாதுன்னு மட்டும் காட்டிக்காத," என்றார் லெஷெக், வாசல்வரை வந்து. "மானம் போயிடும்டா."

படிக்கட்டுத் தெரு என்பது தெருவே இல்லை, மலையில் செருகிய சிமெண்டுப் படிகள். எமில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அவருடைய திட்டம் எளிமையானது. வாசல் தபால் பெட்டியில் பெயர் இருக்கும், பார்த்துக்கொண்டு உள்ளே போக வேண்டியது. தபால் பெட்டியில் வீட்டு எண் மட்டும் இருந்தது.

கதவைத் திறந்தவள் குள்ளமான, நிமிர்ந்த கிழவி. கையில் மாவு. அவரை ஒரு கணம் பார்த்தாள், முகம் மலர்ந்தது.

"நீங்க எமில்தானே? கிரேன் எமில்!"

எமிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னை எப்படிம்மா...?"

"தெரியாம என்ன? தினம் உங்க கதைதானே இந்த வீட்ல. வாங்க, வாங்க. உங்க வீட்டம்மா ஐரீன் எப்படி இருக்காங்க? முட்டி வலின்னு சொல்வாரே. நான் தெக்லா."

உள்ளே ஓர் இனிப்பு ரொட்டியை அறுத்து வைத்துவிட்டுத் தெக்லா எதிரில் உட்கார்ந்தாள். எமில் கண்ணைச் சுவர் சுவராக மேயவிட்டார். மாதா படம், நாட்காட்டி, கல்யாணப் புகைப்படம். பெயர் எழுதின ஒரு பொருளைக் காணோம். தகட்டு விஷயத்தைச் சொன்னார். பெயர் வெட்டப் போகிறார்கள் என்றதும் கிழவி மாவுக் கையை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"அதான்... எழுத்து ஒண்ணு தப்பிப் போகக் கூடாது பாருங்க," என்றார் எமில், தான் பெரிய சாமர்த்தியசாலி என்ற நினைப்பில். "அவர் பேர எப்படி எழுதறதுன்னு உங்களக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"அதுல என்ன இருக்கு? எல்லாரும் எழுதற மாதிரிதான்."

"இல்ல, சில பேரு வேற மாதிரி..."

"நாங்க வேற மாதிரில்லாம் எழுதறதில்லீங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர், சோறே இல்லாமல் விழித்தார். ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டார். அதுவாவது நேரம் வாங்கித் தரும்.

"அதுல வெங்காயம் இல்ல, பயப்படாதீங்க," என்று சிரித்தாள் தெக்லா.

"என்னது?"

"உங்களுக்குத்தான் வெங்காயம் ஒத்துக்காதே. ஹலுப்கி செய்யும்போது உங்களோடது மட்டும் தனியா உருட்டுவேன். கலந்துடக் கூடாதுன்னு வெள்ளை நூல் ஒண்ணு சுத்தி விடுவேன். நூல் கட்டினது எமிலுக்குன்னு அவர்ட்டச் சொல்லி அனுப்புவேன். குடுப்பாரா சரியா?"

குடுப்பான். முட்டைக்கோஸ் இலைக்குள் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டிய ஹலுப்கியை, உலைத் திண்டின் சூட்டில் டப்பாவோடு வைத்துச் சுடவைத்து, "எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க" என்று நீட்டுவான். "எமில், நூல் கட்டினது உனக்கு." பிரிந்துவிடாமல் இருக்க நூல் கட்டியிருப்பதாகவே எமில் நினைத்திருந்தார். அத்தனை வருடமும் எதற்கு என்று கேட்கவில்லை. அந்தக் கூடத்தில் அவரைக் கொக்கி என்று கூப்பிடாத ஒரே ஆள் டப்பாதான் என்பதும் இப்போதுதான் உறைத்தது. தின்றுவிட்டு நன்றி சொன்னார்களா? "திருடினதுக்குத் தண்டம் கட்டுறான்டா, நல்லாத் தின்னு" என்று லெஷெக் கத்துவார், எல்லோரும் சிரிப்பார்கள். டப்பாவும் சேர்ந்து சிரிப்பான்.

"ஏம்மா அவ்ளோ பேருக்குச் செஞ்சு அனுப்புனீங்க?" குரல் அவருக்கே கேட்கவில்லை.

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? நீங்க செஞ்சதுக்கு நான் செஞ்சது ஒரு செய்யறதா?" தெக்லா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "வேலைநிறுத்தம் முடிஞ்ச சமயம் நான் பிள்ளையுண்டாகி இருந்தேன். மார்த்தா வயித்துல. வீட்ல ஒண்ணுமில்ல. இருந்த ரொட்டிய எனக்கு வச்சுட்டு, அக்கம்பக்கம் பாத்தா கேவலம்னு வெறும் டப்பாவ எடுத்துக்கிட்டுப் போனாரு. நான் பூரா நாளும் அழுதுக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் வந்து சொல்றாரு, 'தெக்லா, அந்தப் பசங்க என் டப்பா காலியா இருக்கறதப் பாத்துட்டாங்க. ஒருத்தன் தன் ரொட்டியவே குடுத்துட்டான். இனிமே நீ டப்பா, எங்க டப்பான்னு பேரே வச்சுட்டாங்க'ன்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அன்னிக்கே முடிவு பண்ணேன். இந்த வீட்ல அடுப்பு எரியற வரைக்கும் அந்தப் பசங்க வயித்த வாட விடக் கூடாதுன்னு."

எமில் மிச்ச ரொட்டியைத் தட்டில் வைத்தார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். இவர்கள் முதலில் இரண்டகத்தைச் செய்துவிட்டு, பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்து உண்டிருக்கிறார்கள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் தெக்லா. குரல் மாறியிருந்தது. "கோவிச்சுக்கக் கூடாது. அவரு போனப்போ ஏன் ஒருத்தருமே வரல?"

"அம்மா..."

"பேப்பர்ல போட்டேன். வாசில் ஹ்ரின்கோ, உருக்காலைத் தொழிலாளின்னு கொட்டை எழுத்துல போடச் சொன்னேன். ஆலைக்காரங்க வருவாங்கன்னு கோயில் கூடத்துல மேசை போட்டு, ஹலுப்கி செஞ்சு வச்சேன். உங்களுக்கு நூல் கட்டி. சாயங்காலம் வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டு நின்னோம், நானும் மார்த்தாவும். அப்புறம் அக்கம்பக்கத்துக்குக் குடுத்துட்டோம்."

வாசில் ஹ்ரின்கோ. தேடி வந்த பெயர் கைக்கு வந்துவிட்டது. அதோடு அந்தக் காலையும் வந்தது. ஆலைக் கிழவர்கள் எல்லோரையும்போல எமிலும் பேப்பரில் முதலில் பார்ப்பது சாவுப் பக்கத்தைத்தான். அன்றைக்கும் காபியோடு உட்கார்ந்து, ஐரீனுக்குக் கேட்கும்படி வாசித்தார். "வாசில் ஹ்ரின்கோவாம். உருக்காலையாம். எவனோ மேட்டுக்காரன், நமக்குத் தெரியாது." சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பி முந்தின நாள் ஆட்டம் என்னவாயிற்று என்று பார்த்தார்.

"பேப்பர் பாக்கலையா?" என்றாள் தெக்லா.

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நுனிநாக்குவரை வந்தது. அந்த மாவுக் கையைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

"பாத்தோம்மா," என்றார். "எங்களுக்கு... அவர் பேரு தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. டப்பான்னுதான் தெரியும். அதனாலதான் தெரியல, அது அவர்தான்னு." காது வரை எரிந்தது. "இப்பக்கூட அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

திட்டுவாள் என்று எமில் காத்திருந்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. தெக்லாவோ பெருமூச்சு விட்டாள். பாரம் இறங்கின பெருமூச்சு.

"அவ்ளோதானா? நான் என்னென்னமோ நெனச்சு... அவரு யார் மனசையாவது புண்படுத்திட்டாரோன்னு ரெண்டு வருஷமா ஒரே யோசனை." ஏப்ரன் முனையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தப்பு என்னோடதுங்க. டப்பான்னு போட்டிருக்கணும். அப்ப இதுலயும் டப்பான்னே போடுங்க. வாசில்னு மட்டும் போட்டா மறுபடியும் நீங்கல்லாம் தாண்டிப் போயிடுவீங்க. நீங்க எல்லாரும் ஆசையா வச்ச பேரு அது."

எமில் எங்கும் நிற்காமல் படியிறங்கி வீட்டுக்குப் போனார்.

வீட்டில் ஐரீன் முழுக்கதையையும் கேட்டுவிட்டு அடுப்பைத் தணித்தாள்.

"நாளைக்கே போய் உண்மையச் சொல்லிடப் போறேன்," என்றார் எமில்.

"சொல்லி?"

"என் மனசு கேக்கல ஐரீன்."

"உங்க மனசு ஆறணும், அதுக்கு அவங்க புருஷன் சொன்ன ஒரே பொய்யப் பிடுங்கிட்டு வரணும். அப்படித்தானே?" ஐரீனுக்கு நாக்கு எப்போதும் கூர்மை. "அந்த மனுஷன் உங்க எல்லாரையும் நல்லவனுங்களா ஆக்கிட்டுப் போயிருக்கான். தின்னதச் செரிக்க முடியலன்னா சும்மா வலிக்கட்டும், விடுங்க."

விழா நாளில் வெயில் நன்றாக அடித்தது. பள்ளத்து ஜனம் பாதி வந்திருந்தது, செருப்புக் கடைக்காரர்கள்கூட வெளியே வந்து நின்றார்கள். நிஜப் பெயர், பக்கத்தில் ஆலைப் பெயர் என்று எல்லோருக்கும் இரண்டிரண்டாகப் போட்டுவிட்டாள் கோரின். ஒருவனுக்குப் போட்டுவிட்டு மற்றவர்களை விட்டால் அடிதடி ஆகியிருக்கும். வாசில் ஹ்ரின்கோ, 'டப்பா' என்று அவள் வாசித்தபோது தெக்லா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மார்த்தாவின் மறு கையில் ஒரு தகர டப்பா, ஓரமெல்லாம் நசுங்கியது. எமிலுக்கு அதை அடையாளம் தெரிந்தது. ஒரு காலத்தில் அதைத் தலைக்கு மேலே, வெகு உயரத்தில் பார்த்திருக்கிறார்.

"எமில், நீங்க சொல்லுங்க," என்றாள் தெக்லா எல்லோரும் கேட்க. "ஏன் அந்தப் பேரு வந்துச்சுன்னு. சின்னப் பசங்களுக்குத் தெரியாதில்ல."

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. கோரின் அவரையே பார்த்தாள். நிஜக்கதை தெரிந்தவள், கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். லெஷெக் தன் ஷூ முனையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"வேலைநிறுத்தம் முடிஞ்சு வந்த அன்னிக்கு," என்று ஆரம்பித்தார் எமில், "வாசில் காலி டப்பாவோட வந்தான். நாங்க அதத் தொறந்து பாத்தோம்." நின்றார். அடுத்த வார்த்தை எது என்று அவருக்கே தெரியவில்லை. தெக்லா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள், தெரிந்த ஜெபத்தைக் கேட்கிறவள்போல. "பசியோட இருக்கான்னு பாத்தோம். குடுத்தோம்... இருந்ததக் குடுத்தோம். அதுக்கப்புறம் ஆலை மூடற வரைக்கும் அவன் டப்பாவுலதான் நாங்கல்லாம் சாப்பிட்டோம். எங்களுக்குக் கொடுத்து வச்சது அவ்ளோதான்."

ஜனம் கை தட்டியது. கைதட்டல் இவ்வளவு சுடும் என்று எமிலுக்குத் தெரியாது.

"ரொட்டி குடுத்தது யாருன்னு அவரு சொல்லவே இல்ல," என்றாள் தெக்லா. "யாருங்க அது?"

ஆற்றின் மேல் ஒரு சரக்குப் படகு ஊதிக்கொண்டு போயிற்று. அது ஓயும்வரை எமில் காத்திருந்தார்.

"லெஷெக்," என்றார்.

தெக்லா டப்பாவின் மூடியைத் திறந்து, ஹலுப்கி ஒன்றை எடுத்து, லெஷெக்கிடம் நேராகப் போனாள். "அப்ப மொதல்ல உங்களுக்குத்தான். ஐம்பது வருஷமா நேர்ல பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேன். என் வயித்துல பிள்ளை இருந்தப்போ அவருக்குச் சோறு போட்ட கை இது." குனிந்து அந்தக் கையில் முத்தமிட்டாள்.

ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும் லெஷெக்கிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் தெரியாமல், வைத்திருக்கவும் தெரியாமல் நின்றார். "சாப்பிடுங்க, ஆறிடும்" என்றாள் அவள். கிழவர் அதை மென்று மென்று இறக்கினார்.

பிறகு தெக்லா எமிலிடம் வந்தாள். டப்பாவின் ஓரத்தில் தனியாக வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை நூல் கட்டியிருந்தது. எமில் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், அவிழவில்லை, பல்லால் கடித்து அறுத்தார். ஒரு வாய் தின்றார்.

தெக்லா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அடடா, கண்ணு கலங்குதே. வெங்காயம் பட்டுடுச்சா?"

"இல்லம்மா," என்றார் எமில். "நீங்க வெங்காயமே போடல."